சிறுத்தைக்குக் கட்டிய மண்டபம்

முன்னொரு காலத்தில் கரட்டு நாட்டை வச்சிரபாகு என்ற அரசன் ஆண்டான். மனசு தங்கம்தான்; ஆசை ஒன்று வந்துவிட்டால் மட்டும் பிடிவாதம் தாங்காது. கள்ளிமலையில் வாழும் சிறுத்தையைத் தினமும் பார்க்க வேண்டும் என்று ஒரு நாள் ஆசை வந்தது. உடனே மலையுச்சியில் மண்டபம் கட்டினான். பார்வையை மறைக்கிறதே என்று புதரையெல்லாம் வெட்டச் சொன்னான். சுனைத் தண்ணீரை மண்டபத்துத் தடாகத்துக்குத் திருப்பினான். திறப்பு விழா விருந்தில் மலையிலிருந்த மான், முயல் அத்தனையும் இலைக்கு வந்துவிட்டது. பிறகு மேளதாளத்தோடு தினமும் போய் உட்கார்ந்தான். சிறுத்தையின் வால்கூடத் தெரியவில்லை.

"அடிவாரத்து ஆட்டுக்காரர்கள் விரட்டியிருக்கிறார்கள், பிரபு," என்றார் தளபதி உக்கிரசேனர். அடிவாரத்துப் புல்வெளியைத் தம் குதிரைகளுக்கு வளைத்துக்கொள்ள அவருக்கு நெடுநாள் ஆசை. "அந்த முப்பது வீட்டையும் காலி செய்தால் மறுநாளே சிறுத்தை வந்து நிற்கும்."

"பத்து நாள் தவணை கொடுங்கள். பிறகு காலி செய்யட்டும்," என்றான் அரசன்.

பக்கத்தில் நின்ற அமைச்சர் சாத்தப்பர் யோசித்தார். முப்பது குடும்பம் ஆட்டையும் பிள்ளைகளையும் ஓட்டிக்கொண்டு எங்கே போகும்? ஆனால் அரசன் நடை பழகிய நாளிலிருந்து அவனை அறிந்தவர் அவர். தப்பு என்று நேராகச் சொன்னால் இன்னும் முறுக்கிக்கொள்வான்.

"தளபதி சொன்னால் சரியாகத்தான் இருக்கும்," என்றார். "ஆனால் வீடுகளைக் காலி செய்தும் சிறுத்தை வராவிட்டால் நமக்குத்தானே தலைகுனிவு? மலை அதற்கு ஒத்துவருமா என்று முதலில் ஒருவர் இருந்து பார்க்கட்டும். வீரத்தில் சிறுத்தைக்கு நிகரான ஆள் வேண்டும். அதற்குத்தான் யோசிக்கிறேன்."

"நான் ஒருவன் நிற்பது கண்ணில் படவில்லையா?" என்று மீசையைத் தடவினார் தளபதி.

"அடடா, மறந்தே போனேன். மூன்று நாள் போதும். அரசர் சிறுத்தைக்குச் செய்து கொடுத்த வசதியெல்லாம் உங்களுக்கும் உண்டு. அதற்கு இல்லாதது உங்களுக்கும் கிடையாது."

அரசனுக்கு விளையாட்டு என்றால் உயிர். கைதட்டி ஒப்புக்கொண்டான்.

மறுநாள் காலை தளபதியை மலையில் விட்டார்கள். ஒதுங்கி நிற்க ஒரு செடி இல்லை. சுனை காய்ந்து கிடந்தது. தடாகத்துக்குப் போனால், "சிறுத்தைக்கு இங்க அனுமதி இல்லைங்க, ஐயா," என்றான் காவலன். சாப்பாடு கேட்டதற்கு, "வேட்டையாடிக்கொள்ளலாமே," என்று மண்டபத்திலிருந்து பணிவோடு சொன்னார் சாத்தப்பர். ஒரு முயல்கூட மிச்சமில்லை. சற்றே கண்ணயர்ந்தால் மேளம் முழங்கும். அரசனும் பரிவாரமும் மேலிருந்து எட்டிப் பார்ப்பார்கள்.

இரண்டாம் நாள் உச்சி வேளையில் தளபதியைக் காணவில்லை. காலடித் தடத்தைப் பிடித்துக்கொண்டு அரசனும் அமைச்சரும் இறங்கினார்கள். தடம் நேரே ஆட்டுக்காரர் குடியிருப்புக்குப் போனது. அங்கே வேலமர நிழலில் உட்கார்ந்து தளபதி மூன்றாவது கலயம் கூழைக் குடித்துக்கொண்டிருந்தார். காராயி என்ற ஆட்டுக்காரி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"இவரை இங்கே வரச் சொன்னது யார்?" என்றான் அரசன்.

"யாரும் சொல்லலைங்க, மகராசா. நிழலும் தண்ணியும் இருக்கு, வந்துட்டாரு. உங்க சிறுத்தையும் இப்படித்தான் வந்துச்சு." பின்னாலிருந்த முட்புதர் அடர்ந்த ஓடையைக் காட்டினாள். "மலையில இருக்க முடியாம அங்க வந்து கெடக்கு. ரெண்டு நாயையும் என் கெடாவையும் தூக்கிட்டுப் போச்சு. பட்டியைச் சுத்தி முள்ளை ஒசத்திக் கட்டிக்கிட்டோம். பாவம், அதுதான் எங்க போவும்?"

"ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

"சொன்னா அங்கயும் மண்டபம் கட்டிருவீங்களோன்னு பயமா இருந்துச்சுங்க."

அரசன் முகம் சிவந்தது. பிறகு அரசன் குபீரென்று சிரித்தான். இந்தச் சிரிப்புக்காகவே இவனை எதற்கும் மன்னிக்கலாம் என்று நினைத்துக்கொண்டார் அமைச்சர்.

முப்பது வீடும் இருந்த இடத்திலேயே இருந்தன. மண்டபத்துக் கல்லெல்லாம் ஆட்டுப்பட்டிகளுக்குச் சுவரானது. காராயிக்குப் பத்துக் கிடா, சாத்தப்பருக்கு அரசன் கழுத்து முத்துமாலை. சுனைக்குத் தண்ணீர் திரும்பியது, வேட்டை நின்றது. மலையெங்கும் முட்செடி நட்டுத் தண்ணீர் ஊற்றும் வேலை தளபதிக்குக் கிடைத்தது.

நாலு மழைக்காலம் கழித்து, அரசன் செருப்பைக் கழற்றிவிட்டுத் தனியே மலையேறினான். திரும்பி வந்ததும் சாத்தப்பரின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"சுனை ஓரம் ஈரத் தடம் இருந்தது. புதருக்குள் ஏதோ அசைந்தது. நான் எட்டிப் பார்க்கவே இல்லை, தெரியுமா?"

"அது தங்களைப் பார்த்திருக்கும், பிரபு."

"பார்த்திருக்கும், இல்லையா?" என்றான் அரசன். அந்தச் சந்தோஷத்தில் இரண்டு நாள் அவன் யாரையும் அதட்டவில்லை.