மீசையப்பர் கேட்ட கண்ணாடித் தண்ணீர்

காட்டாற்றின் ஆழமான மடுவில் உருளையம்மா என்ற நீர்யானை வாழ்ந்து வந்தாள். பகலெல்லாம் மூக்கையும் காதையும் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு தண்ணீரில் கிடப்பாள். பொழுது சாய்ந்ததும் கரையேறிப் புல் மேய்வாள். விடிந்ததும் வயிறு நிறைந்து மடுவுக்குத் திரும்புவாள். வந்ததும் முதல் வேலையாகச் சாணம் போடுவாள்! போட்டால்கூடப் பரவாயில்லை, குட்டை வாலை விசிறிபோலச் சுழற்றி நாலா பக்கமும் இறைப்பாள். என்ன செய்வது, நீர்யானைகளின் வழக்கமே அதுதான்.

அதே மடுவில் மீசையப்பர் என்றொரு கெளுத்தி மீன் இருந்தார். மடுவுக்கே தாம்தான் நாட்டாமை என்று அவருக்கு நினைப்பு. ஒருநாள் கரைமரத்தில் உட்கார்ந்திருந்த கழுகு அவரிடம் பேச்சுக் கொடுத்தது.

"மீசையப்பரே, இவ்வளவு அழகான மீசை இந்தக் கலங்கல் தண்ணீரில் யார் கண்ணுக்குத் தெரிகிறது? அந்தக் குண்டம்மாவைத் துரத்திவிடுங்கள். தண்ணீர் கண்ணாடியாகிவிடும்!"

மீன்களின் வீடு சுத்தமானால் கழுகுக்கு என்ன லாபம் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மீசையைப் புகழ்ந்த பிறகு மூளை எங்கே வேலை செய்யும்?

நேரே உருளையம்மாவிடம் போனார். "குடியிருக்கிற இடத்தில் இதென்ன அசிங்கம்! இடத்தைக் காலி பண்ணு!"

"உங்கள் பொடிசுகள் இதைத்தானே அண்ணே கொத்தித் தின்கிறார்கள்?"

"வாயை மூடு!"

உருளையம்மாவுக்கு மனசு வலித்தது. ஆற்றின் அடியிலேயே நடந்து மேல்மடுவுக்குப் போய்விட்டாள்.

சில நாளில் தண்ணீர் தெளிந்தது. அடியில் கிடந்த கூழாங்கல்கூடப் பளிச்சென்று தெரிந்தது. மீசையப்பர் பெருமையாக மடுவை வலம் வந்தார். பொடிமீன்கள்தான், "பசிக்குது மாமா!" என்று அழுதன.

"சுத்தம் முக்கியமா, சோறு முக்கியமா?" என்று அதட்டினார்.

சொல்லி வாய் மூடவில்லை, சர்ரென்று பாய்ந்தது கழுகு! "கண்ணாடித் தண்ணீர் எனக்காகத்தான் ஐயா கேட்டேன்! இப்போது எல்லாரும் தெரிகிறீர்கள்!"

மீசையப்பர் நழுவினார். ஆனால் ஒரு பக்க மீசை கழுகின் நகத்தோடு போய்விட்டது. பொடிமீன்கள் கல்லிடுக்கில் பதுங்கி நடுங்கின. அதைப் பார்த்து அவருக்கு அழுகையே வந்துவிட்டது. மேல்மடுவுக்கு விழுந்தடித்து ஓடினார்.

"தாயே, வந்துவிடு! பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய்விடும் அந்தக் கழுகு!"

"அசிங்கம் பண்ணுவேனே அண்ணே?"

"பண்ணு தாயே, தாராளமாகப் பண்ணு!"

உருளையம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டே கிளம்பினாள். மடுவில் அவள் வந்து நின்ற நேரம், கழுகு மறுபடி தாழப் பறந்து வந்தது. அவள் வாலைச் சுழற்றினாள். சளார்! கழுகின் முகமெல்லாம் சாணம்! கண் தெரியாமல் மரத்தில் முட்டி, தட்டுத்தடுமாறிப் பறந்து போனது. தண்ணீர் பழையபடி கலங்கி மீன்களை மறைத்தது. பொடிமீன்கள் விருந்துக்கு ஓடிவந்தன.

ஒற்றை மீசையோடு மீசையப்பர் சத்தம் போட்டார்: "உருளை, இந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம்!"

பார்வைக்கு அழகில்லை என்று நம்மைக் காத்து நிற்பவரைத் துரத்தினால், நாம் ஆசைப்பட்ட அந்த அழகே நமக்கு ஆபத்தாகிவிடும்.