ராஜா மூக்குக்குத் தயிர்க்காரி கன்னம்

ரொம்பக் காலத்துக்கு முன்னால் மருதங்காட்டைக் கனகவேந்தன் என்று ஒரு ராஜா ஆண்டான். கிளிக்கு முத்தம் கொடுக்கப் போய் மூக்கு நுனியைப் பறிகொடுத்தவன். நெற்றித் தோலை எடுத்து மூக்கில் ஒட்டுவதுதான் அந்நாளைய வைத்தியம். ராஜாவுக்கோ தன் நெற்றியில் கத்தி படக் கூடாது.

"அடுத்தவர் தோலை ஒட்டலாம் மகாராஜா. தயிர்க்காரி கோதாயியின் கன்னம் வெண்ணெய் மாதிரி இருக்கும்" என்றார் அரண்மனை வைத்தியர் பிங்கலர். அவர் கஷாயத்தைவிடத் தன் மோர் மேல் என்று அவள் சந்தையில் சொன்னதை அவர் மறக்கவில்லை.

சபைக்கு இழுத்து வரப்பட்ட கோதாயி வைத்தியரைப் பார்த்துக் கேட்டாள். "சாமி, என் தோலை மகாராஜா உடம்பு ஏற்குமா?"

"அடுத்தவர் உடம்பை முன்பே தொட்டுக் கண்ட ரத்தத்தில்தான் அந்த உடம்பின்மேல் பகை பிறக்கும். மகாராஜா யாரையும் கண்டதில்லை" என்றார் பிங்கலர்.

"அப்படியானால் சோதித்துவிட்டு அறுங்கள்."

ராஜாவின் ரத்தத்தைக் கிண்ணத்தில் உறையவிட்டு, மேலே தெளிந்த நீரில் கோதாயியின் ரத்தம் ஒரு சொட்டு விட்டார்கள். கெட்ட பாலாகத் திரிந்துபோனது. பகை இருக்கிறது என்று அர்த்தம்.

பக்கத்தில் இருந்த ராணி மெல்ல ராஜா பக்கம் திரும்பினாள். "யாரைக் கண்டீர்கள்? நான் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தேனே, அப்போதா?"

ராஜாவுக்கு வியர்த்தது. "சத்தியமாக இல்லை தேவி. தயிர்க்காரி, நீயாவது சொல்லேன்."

"மகாராணி, சித்திரை வெயிலில் உறை ஊற்றாமலே பால் திரியும். யார் வந்து ஊற்றினது என்று மாட்டையா கேட்பேன்? நல்ல உடம்பிலும் அப்படித்தான். யாரையும் காணாமலே சிலர்மேல் கொஞ்சம் பகை ஊறிக் கிடக்கும். அது நோயுமில்லை, குற்றமுமில்லை. எல்லார்மேலும் இருக்காது. வைத்தியர் ரத்தத்தை விட்டுப் பாருங்களேன்."

திரிந்தால் தன் பேச்சு நிலைக்கும், திரியாவிட்டால் தன் கன்னம் பிழைக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

விட்டார்கள். திரியாமல் சமர்த்தாகக் கிடந்தது.

"அட, உம் கன்னமல்லவா நமக்குப் பொருத்தம்" என்றான் ராஜா.

பிங்கலர் ராஜாவின் காலில் விழுந்தார். "கிண்ணத்தில் சும்மா கிடந்தாலும் மூக்கில் அழுகிவிடும் மகாராஜா. அவரவர் தோல்தான் ஒட்டும்."

"இது காலையில் தெரியாதோ?"

"தெரியும் மகாராஜா."

அன்று முதல் அவர் அரண்மனைக் கழுதைகளுக்கு வைத்தியர். கோதாயிக்குப் பத்துப் பசு. ராஜா நெற்றியைக் கொடுத்தான். போட்ட கூச்சல் கோட்டை வாசல்வரை கேட்டது.

ராணி ஆறுதல் சொல்லப் போகவில்லை. ஒரு செம்புப் பாலை வெயிலில் வைத்து, யாரும் கிட்டே வராமல் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பால் திரிந்த பிறகுதான் எழுந்து போய் ராஜாவோடு பேசினாள்.