மரமண்டையும் துருப்பிடித்த ஜாயின்ட்டும்

கோவில்பட்டி ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் வெயிலுமுத்துவுக்கு 'மரமண்டை' என்று பேர். வைத்தவனும் அவனேதான், மற்றவர்கள் வைப்பதற்குள் முந்திக்கொண்டான்.

ஒருநாள் பழைய அம்பாசிடர் ஒன்றின் ஸ்டியரிங் ஜாயின்ட் துருப்பிடித்துக் கழல மறுத்தது. சூப்பர்வைசர் ஆவுடையப்பன் வண்டிக்கடியில் படுத்து, ஒரு மணி நேரம் ஜாயின்ட்டின் தலையிலேயே சுத்தியலால் அடித்தார். அதன் திருகு மரைதான் நசுங்கியது. வண்டிக்காரர் வந்ததும் ஆவுடையப்பன் வெயிலுமுத்துவை முன்னே தள்ளினார்.

"நசுக்கினது இவன்தான் சார். ஏலே, இனி ஜாயின்ட்டுல ஒரு அடி விழாமக் கழட்டு. இல்லேன்னா வேலையை விட்டுப் போ!"

"சரிங்கய்யா, மரமண்டை வேற என்ன செய்யும்?"

வெயிலுமுத்து ஜாயின்ட்டைத் தொடவேயில்லை. அதைக் கவ்வியிருந்த இரும்பு வளையத்துக்கு ஒரு பக்கம் சுத்தியலை அண்டக்கொடுத்தான். மறுபக்கம் இன்னொரு சுத்தியலால் ஓங்கி ஒரு போடு. டக்கென்று ஜாயின்ட் கழன்று தொங்கியது.

"யாருப்பா சொல்லிக்குடுத்தா?" என்றார் வண்டிக்காரர்.

"என் மண்டைதான் சார். அதுவும் இதே ரகம். ஐயா நேரா எத்தனை அடிச்சாலும் ஒண்ணும் இறங்காது. பக்கத்துல நிக்கிறவருக்கு ஒண்ணு விழுந்தா, உடனே இறங்கிரும்."

வண்டிக்காரர் பக்கத்தில் நின்றவரைத் திரும்பிப் பார்த்தார். ஆவுடையப்பனின் வெள்ளைச் சட்டை முழுக்கத் துரு.