கடைசி ஏட்டுச் சத்தியம்

செங்கழுநீர்ப்பட்டணத்தில் ஏட்டுச் சாவடி என்று ஒன்று இருந்தது. வைத்தியம், வானிலை, மாட்டு லட்சணம், சமையல் எல்லாம் அங்கே சுவடிகளாகக் கிடக்கும். யார் வேண்டுமானாலும் போய்ப் படிக்கலாம், படி எடுக்கலாம். கேட்பாரில்லை.

கேட்பாரில்லாத பொருளைக் கண்டால் சிலருக்குக் கை அரிக்கும். வியாபாரி தனகோடிக்கு இரண்டு கையும் அரித்தது. கூலிக்கு ஆள் பிடித்தான். சாவடியில் இருந்த வைத்தியச் சுவடியை ஒன்றுக்கு ஆயிரமாகப் படி எடுக்கச் சொன்னான். மஞ்சள் பட்டில் சுற்றிப் பட்டுக் கயிற்றால் முடிச்சிட்டான். 'அபூர்வ ரகசியக் களஞ்சியம்' என்று பெயர் சூட்டினான். "முந்தி வரும் நூறு பேருக்கு மட்டும்!" என்று தெருத் தெருவாகத் தமுக்கு அடித்தான். நூறு பேர் வாங்கி முடித்த மறுநாளும் அதே நூறு பேருக்குத்தான் தமுக்கு அடித்தது. ஊரே வாங்கியது. அரசர் கோதண்டவர்மரும் ஒன்று வாங்கினார்.

அதோடு விட்டானா? அரசரிடம் நைச்சியமாகப் பேசி ஒரு சாசனமும் வாங்கிவிட்டான். 'இச்சுவடியின் முதல் எழுத்து தொடங்கிக் கடைசி எழுத்து வரை தனகோடியின் சொந்த வாக்கு. இதை அவன் அனுமதியின்றி வேறு எவர் வாசித்துச் சொன்னாலும் ஊரை விட்டுப் போகவேண்டும்.' கீழே அரச முத்திரை.

மூன்றாம் நாளே செம்பாயியைச் சபைக்கு இழுத்து வந்தார்கள். எழுத்தறியாத சனங்களுக்குச் சந்தை முச்சந்தியில் உட்கார்ந்து சாவடியின் அதே வைத்திய ஏட்டை வாசித்துச் சொல்பவள் அவள். யாராவது இரண்டு கத்தரிக்காய் கொடுத்தால் வாங்கிக்கொள்வாள், கொடுக்காவிட்டாலும் வாசிப்பாள்.

"நான் என்ன களவா பண்ணேன் மவராசா? இருபது வருசமா வாசிக்கிறேன். சுக்கும் மிளகும் இவரு அப்பன் வீட்டுச் சொத்தா?" என்று அழுதாள்.

"சாசனம் பேசட்டும், அரசே" என்றான் தனகோடி, கையைக் கட்டிக்கொண்டு.

சபையில் விகடகவி திருமேனியும் இருந்தார். போன ஐப்பசியில் அவர் மகள் கக்குவானில் நீலம் பாரித்துக் கிடந்தபோது, செம்பாயி வாசித்துச் சொன்ன ஆடாதோடைக் கஷாயம்தான் பிள்ளையைப் பிழைக்க வைத்தது. அந்தக் குரலையா ஊரை விட்டுத் துரத்துவது?

அரசருக்கும் சங்கடம்தான். ஆனால் முத்திரை விழுந்த சாசனத்தை அரசரே மாற்ற முடியாது என்பது அந்நாட்டு வழக்கம். ஆகவே அரசர்கள் வழக்கமாகச் செய்வதையே அவரும் செய்தார். தலைவலியை அடுத்தவர் தலையில் வைத்தார்.

"திருமேனி! என் முத்திரை பொய்யாகக் கூடாது. இந்தப் பெண்ணும் ஊரை விட்டுப் போகக் கூடாது. நாளை உச்சிப்பொழுதுக்குள் வழி சொல்லும்."

"முடியாவிட்டால், அரசே?"

"அவளுக்குத் துணையாக நீரும் மூட்டை கட்டும்."

திருமேனி நேரே போய் ஒரு களஞ்சியம் வாங்கினார். குளத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து வாசித்தார். மறுநாள் விடிந்ததும் மறுபடி அங்கேயே உட்கார்ந்தார். உச்சிப்பொழுதில் சபைக்கு வந்தபோது கண் சிவந்திருந்தது, உதட்டோரம் மட்டும் சிரிப்பில் துடித்துக்கொண்டிருந்தது.

"தனகோடியாரே, இந்தச் சுவடி முழுக்க உம்முடைய வாக்குத்தானே?"

"முழுக்க!"

"ஓர் ஏடுகூட இரவல் இல்லையே?"

"ஓர் எழுத்துகூட இல்லை. சாசனமே சொல்கிறதே!"

"சந்தோஷம். அப்படியானால் உம்முடைய கடைசி ஏட்டை வாசிக்கிறேன்." திருமேனி தொண்டையைச் செருமிக்கொண்டார். "'இதை எழுதியவன் நான். கேட்பவர்க்கெல்லாம் கைம்மாறு வாங்காமல் வாசித்துச் சொல்வேன். வாசிக்கிறவரைத் தடுக்கமாட்டேன். தடுத்தேனாகில் சந்தை முச்சந்தியில் நூறு நாள் உட்கார்ந்து நானே உரக்க வாசிப்பேன். இது சத்தியம்.'"

சபை கொல்லென்று சிரித்தது. சாவடியில் சுவடி வைப்பவர் யாராயினும் கடைசி ஏட்டில் இந்தச் சத்தியத்தை எழுதிவைக்க வேண்டும் என்பது பழைய நிபந்தனை. தனகோடியின் ஆட்களுக்கு ஏட்டுக் கணக்கில் கூலி. ஓர் ஏட்டை விடுவார்களா? பொருளைப் பாராமல் அதையும் ஆயிரம் படி எடுத்துத் தள்ளிவிட்டார்கள்.

தனகோடிக்கு முகம் வெளிறியது. "பொய்! இந்த ஏட்டை இவரே எழுதிச் செருகிவிட்டார்!"

"அப்படியா? அரண்மனைச் சுவடியைக் கொண்டு வாருங்கள்" என்றார் அரசர்.

வந்தது. காவலன் பட்டுக் கயிற்றோடு மல்லுக்கட்டினான். முடிச்சு இளகவில்லை. பல்லால் கடித்துத்தான் அவிழ்த்தான். கடைசி ஏட்டில் அதே சத்தியம், எழுத்துப் பிசகாமல்.

"ஐயோ, அது நான் எழுதியது இல்லை! சாவடியில் இருந்தது!" என்று அலறினான் தனகோடி.

"ஓகோ! அப்படியென்றால் அரசரிடம் பொய் சொல்லிச் சாசனம் வாங்கினீர். அதற்குத் தண்டனை என்ன, அரசே?" என்றார் திருமேனி.

"மொட்டை அடித்துக் கழுதைமேல் ஊர்வலம்."

தனகோடி தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டான். அழகான குடுமி. "நான்தான் எழுதினேன்" என்றான், ஈனஸ்வரத்தில்.

"அப்படியானால் வாசிக்கிறவரைத் தடுக்கமாட்டேன் என்பதும் உம் வாக்கு. உம் அனுமதியோடு செம்பாயி வாசிப்பாள். அவளைத் தடுத்ததற்கு நூறு நாள் நீர் வாசிக்கவேண்டும். முத்திரை பொய்யாகவில்லை, அரசே."

செம்பாயி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வெள்ளனவே வந்துருங்க சாமி. என் பக்கத்துலயே எடம் இருக்கு. தப்பா வாசிச்சா நான் திருத்துறேன்."

அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றித் திருமேனிக்குப் போட்டார். பிறகு ஒரு சந்தேகம் வந்தது.

"ஏன் திருமேனி, ஊரில் ஆயிரம் பேர் இதை வாங்கியிருக்கிறோமே. கடைசி ஏடு ஒருவர் கண்ணிலுமா படவில்லை?"

திருமேனி மாலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"அதற்கு நான் பதில் சொன்னால் இந்த மாலை எனக்கு நிலைக்காது, அரசே. காவலனைக் கேளுங்கள். தங்கள் சுவடியின் முடிச்சை அவிழ்த்தது அவன் பல்தான்."