ஒற்றைக் கம்பியில் வந்த பதில்

மேட்டுப்பாளையத்தில், மலைச்சாலை தொடங்கும் இடத்தில் ஹசீனா டீச்சரின் பட்டறை. கார் இன்ஜினோடு கம்ப்யூட்டரைப் பேச வைக்கும் கருவியை வீட்டிலேயே செய்துகொள்ள அவர் கற்றுக்கொடுத்தார். கற்க வந்தவர்களில் பலர் அவரைவிட வயதில் பெரியவர்கள். எல்லோரிலும் மூத்தவர் திருமேனி. அவரிடம் ஒரு வாடகைக் கார் இருந்தது.

அந்தக் கார் கோத்தகிரி மலை ஏறும்போது, ஆட்களோடு நடுவழியில் நின்றுபோனது. ஒருமுறை அல்ல. மெக்கானிக்குக் காரணம் பிடிபடவில்லை. திருமேனிக்குப் பிடிபட்டிருந்தது: டிரைவர் பெர்னாட்.

"இன்ஜினே சொல்லட்டும்" என்று ஒரு கருவியைத் தானே பற்றவைத்துச் செய்து, சோப்பு டப்பாவுக்குள் அடைத்துக்கொண்டு அன்று காலை வந்தார். காரை ஓட்டிவந்த பெர்னாட், சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு வெளியே புங்க மரத்தடியில் நின்றார். இன்ஜினில் குறை இல்லையென்றால் அன்றோடு அவருக்கு வேலை இல்லை. அதை வரும் வழியிலேயே திருமேனி சொல்லியிருந்தார்.

திருமேனி ஸ்டியரிங்குக்குக் கீழே கருவியைச் செருகி, சாவியைத் திருப்பினார். என்ன குறை என்ற கேள்வியை லேப்டாப்பிலிருந்து இன்ஜினுக்கு அனுப்பினார்.

"டீச்சர், வண்டி பேசுதுங்க!"

"என்னங்கண்ணா சொல்லுது?"

"எனக்கு ஒரு குறையும் இல்லைங்குது."

"ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டு வந்த ஆம்பளைங்க எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க."

திருமேனி சிரிக்கவில்லை. "அப்ப அந்த பெர்னாட் கால்தான் காரணம். கிளட்ச்சுல வெச்சா எடுக்கறதே இல்லைங்க."

"இன்னொரு தடவை கேளுங்க."

கேட்டார். கேட்ட கையோடு பதில் வந்தது.

"ரொம்ப வேகமாச் சொல்லுதே."

"நான் செஞ்சதாச்சுங்களே."

டீச்சர் குனிந்தார். பேட்டரிக் கம்பிகளை விட்டுவிட்டு, இன்ஜினுக்குப் போகும் ஒரு கம்பியை மட்டும் உருவினார்.

"இப்பக் கேளுங்க."

"கம்பியே இல்லைங்களே!"

"கேளுங்கண்ணா."

கேட்டார். குறை இல்லை என்றது திரை.

திருமேனி திரையைப் பார்த்தார். உருவிய கம்பியைப் பார்த்தார்.

"அப்ப இது யாரு பேசறது?"

"போறதுக்கும் வர்றதுக்கும் இந்த ஒரு கம்பிதான். நீங்க அனுப்பறது முதல்ல உங்களுக்கே திரும்பி வரும். அதையே உங்க புரோகிராம் பதில்னு எடுத்துக்குது. அதுல என்ன குறை இருக்கப் போகுது?"

"இத்தனை நேரமா நான் பாத்துட்டு இருந்தது?"

"உங்க கேள்வி."

திருமேனி லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு புரோகிராமைத் திறந்து, தன் சொற்கள் திரும்பி வந்தால் தள்ளிவிடும்படி மாற்றினார். டீச்சர் கம்பியை மறுபடி பொருத்தினார்.

கேட்டார்கள். திரை வெறுமையாக இருந்தது. திருமேனியின் விரல் மறுபடி பட்டனுக்குப் போனது.

"கையை எடுங்க."

கொஞ்சம் பொறுத்து ஒரு வரி வந்தது. இதுவரை அவர் கண்டிராத எண்கள். ஒவ்வொன்றாகப் படித்தார். முகம் மலர்ந்தது.

"குறை எதுவும் பதிவாகலைங்க! இப்ப நெசமாவே இன்ஜின் சொல்லுது. நான் சொன்னதேதான்!"

"இன்ஜின் சூடா இருக்குதா?"

"காலையில வந்து நிறுத்தினதுங்க, ஆறிக் கிடக்குது."

"மலையில எப்ப நின்னுது? ஏறினதுமா, சூடானப்பறமா? நிக்கறதுக்கு முன்னாடி மீட்டர் முள்ளு துடிச்சுதா?"

"அதெல்லாம் பெர்னாட்டுக்குத்தான் தெரியும்."

"அவரைக் கேட்டீங்களா?"

"கேக்காமயா? நாக்கைப் புடுங்கிக்கற மாதிரி கேட்டனுங்க."

"என்ன சொன்னாரு?"

திருமேனி வாயைத் திறந்தார். கார் நின்ற அன்று தான் பேசியதெல்லாம் ஒரு சொல் விடாமல் நினைவுக்கு வந்தது. மரத்தடியில் பெர்னாட், இவர்கள் பக்கம் திரும்பாமல், மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஞாபகம் இல்லைங்க, டீச்சர்."

டீச்சர் லேப்டாப்பை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"மலைக்குப் போயிட்டு வாங்க. வண்டியை அவர் ஓட்டட்டும்."

"நான் என்ன பண்றதுங்க?"

"பக்கத்து சீட்டுல உக்காந்து, அவர் சொல்றதை அப்படியே டைப் அடிச்சுட்டு வாங்க."