முரசு அடிக்காமல் விடியுமா?

எந்த ஆண்டு, எந்த நாடு என்றெல்லாம் என்னைக் குடையாதீர்கள். முன்னொரு காலம், ஒரு மலைநாடு, அவ்வளவுதான். அந்நாட்டு அரசருக்குத் திடீரென்று ஓர் ஆசை: மலையுச்சியில் நின்று சூரியன் உதிப்பதைப் பார்க்க வேண்டும். நேரம் பார்த்து அமைச்சர் கோதண்டர் கொளுத்திப் போட்டார். அரண்மனை விகடன் பூவாண்டி நினைத்தால் கார்த்திகை மாதத்து மூடுபனியிலும் அதைக் காட்டுவானாம். உடனே உத்தரவு பிறந்தது: நாளையே காட்ட வேண்டும், தவறினால் தலை போகும்.

வாய்க்கொழுப்பால் வந்த வினை என்றாலும் பூவாண்டி மனம் ஆறலாம். அவன் அப்படிச் சொல்லவே இல்லையே!

இருட்டோடு எல்லோரும் உச்சிக்கு ஏறினார்கள். முரசுக்காரனும் கூடவே வந்தான். அந்த நாட்டுச் சட்டம் அப்படி. அரசர் கையசைத்து முரசு முழங்கினால்தான் விடிந்ததாகக் கணக்கு. அதற்கு முன் சேவல் கூவினாலும் செல்லாது. 'விடிந்தது' என்று மனிதன் சொன்னாலோ சவுக்கடி.

கிழக்கே ஒரே வெள்ளை. எதிரே நிற்பவர் மூக்குகூடத் தெரியவில்லை. வெளிச்சம் மட்டும் ஏறிக்கொண்டே போயிற்று. கோதண்டர் முன்னால் வந்தார்.

"அரசே, விடிந்து வெகுநேரம் ஆயிற்று. சூரியன் பனிக்குள்ளேயே உதித்துவிட்டான். இவன் காட்டவில்லை."

பூவாண்டி அரசர் பக்கம் திரும்பினான். "அரசே, முரசு முழங்கியதா?"

"இல்லையே."

"அப்படியானால் இன்னும் விடியவில்லை. தங்கள் ஆணையில்லாமல் விடிந்துவிட்டது என்கிறாரே அமைச்சர், அவரை என்ன செய்வது?"

கோதண்டர் சட்டென்று பின்வாங்கினார். இன்னும் இருட்டாகத்தான் இருக்கிறது என்று முனகியவர், காவலனிடமிருந்து ஒரு தீவட்டியை வேறு வாங்கிப் பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் பெரும்பாடு. விடியாமல் அரசருக்குக் காலை உணவு ஏது? அவர் வயிறு இரைந்தது. கண் அடிக்கடி முரசின் பக்கம் போயிற்று. அந்தக் கை ஒருமுறை அசைந்தால் பூவாண்டியின் கதை முடிந்தது. தெரிந்த தெய்வங்களையெல்லாம் அவன் கூப்பிட்டுப் பார்த்தான். பசி தாங்காமல் அரசரின் கை மெல்ல எழுந்தது. சற்றே பொறுக்கும்படி அவன் கெஞ்சிக்கொண்டிருக்கும்போதே காற்று திரும்பி, பனி விலகியது.

"இப்போது கையசையுங்கள், அரசே." முரசு முழங்கியது. "இதோ, உதித்துவிட்டான்."

அரசர் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தார். "உச்சிவானத்திலா உதிப்பான்?"

"உத்தரவுக்குக் காத்திருந்தான், அரசே. சும்மா நிற்பானேன் என்று ஏறிக்கொண்டே காத்திருந்தான்."

அரசர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். தன் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டு, இன்னும் என்ன வேண்டும் என்று கேட்டார்.

பூவாண்டி மாலையோடு சேர்த்துத் தன் கழுத்தையும் தடவிப் பார்த்துக்கொண்டான். "நாளை ஒருநாள் முரசு வேண்டாம், அரசே. நான் கொஞ்சம் தூங்க வேண்டும்."

அப்படியே வாக்குக் கொடுத்த அரசர் அதைக் காப்பாற்றினார். மறுநாள் அந்த நாட்டில் விடியவே இல்லை.