திவானுக்குப் பொருந்திய ஆசனம்

அந்தச் சமஸ்தானத்துத் திவானுக்கு எல்லாம் தெரியும். தனக்குத் தெரியாததும் இருக்கிறது என்பது மட்டும் தெரியாது. ஒருநாள் தச்சர் மூக்காண்டி ஆசாரியை வரவழைத்தார்.

"சபையில் நான் உட்கார ஓர் ஆசனம் செய். என்ன வேண்டும், எப்படி வேண்டும் என்று ஒரு கேள்வி கேட்கக் கூடாது. எனக்குப் பொருந்தாவிட்டால் உன் கட்டைவிரல் போய்விடும்."

"கேட்கலை எசமான். சபை மூலையிலே நின்னு பார்த்துக்கிடுதேன்."

"என் கம்பீரத்தை நன்றாகப் பார்த்துக்கொள்!"

ஆசாரி மூன்று நாள் நின்று பார்த்தார். பத்தாம் நாள் ராஜா முன்னிலையில் நாலு பேர் எதையோ தூக்கிவந்து இறக்கினார்கள். ஆசாரி துணியை விலக்கினார். வழவழப்பான தேக்குக் கட்டில். தலைமாட்டில் இலவம்பஞ்சுத் தலையணை.

"சபையில் கட்டிலா? என்ன திமிர்!" என்று திவான் துள்ளினார்.

"கேட்டிருந்தா நாற்காலின்னுதான் சொல்லியிருப்பீக எசமான். கேட்கக் கூடாதுன்னுட்டீக. பார்த்தேன், பார்த்ததுக்குத் தக்கபடி செஞ்சேன்."

ராஜா தலையணையைத் தட்டிப் பார்த்தார். "பொருந்துகிறதா என்று படுத்துக் காட்டும், திவானே."

வேறு வழியில்லாமல் திவான் படுத்தார். படுத்த மாத்திரத்தில், சபை தினமும் கேட்கும் அதே குறட்டை கிளம்பியது. ஆசாரியின் கட்டைவிரல் தப்பியது.